சென்னையில் பிறந்து ஆல்ப்ஸ் பனிக்கு விதி எழுதியவர்: யார் இந்த ஆர்னால்ட் லன்?

தை மாதம் என்றதும் ஈப்போவில் இருக்கும் உங்களுக்கு எது ஞாபகம் வரும்? குனோங் சீரோ கல்லுமலைக் கோயில், காவடி, பால்குடம், சாலையோரத் தண்ணீர்ப் பந்தல், காலைச் சுடும் தார்ச்சாலை. தைப்பூசம் ஜனவரி கடைசியில் வந்தாலும் பிப்ரவரியில் வந்தாலும் வெயில் மட்டும் மாறுவதில்லை.

அதே வாரங்களில், இங்கிருந்து ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் தள்ளி, சுவிட்சர்லாந்தின் மலைக்கிராமம் ஒன்றிலும் திருவிழாக் கூட்டம் கூடுகிறது. ஊர் பெயர் மியூரன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,640 மீட்டர் உயரம். ஊருக்குள் கார் கிடையாது. இரவில் மேளமும் ஊதுகுழலுமாக ஊர்வலம் போவார்கள், பிசாசு பொம்மை ஒன்றை எரிப்பார்கள். விடிந்ததும் ஆயிரக்கணக்கானோர் மலையுச்சியிலிருந்து பனியில் சறுக்கி இறங்குவார்கள். இன்ஃபெர்னோ என்று அந்தப் போட்டிக்குப் பெயர்.

இதுல நமக்கு என்ன இருக்குன்னு கேட்கிறீங்களா? இரண்டு விஷயம் இருக்கிறது.

முதலாவது, 2018-ல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியா முதன்முறையாகக் கலந்துகொண்டது. அதில் ஜெஃப்ரி வெப் பனிச்சறுக்கில் இறங்கினார். 2022 பெய்ஜிங் போட்டிக்கு அவரும் அருவின் சலேஹுதீனும் போனார்கள். பனியே பார்க்காத நாட்டின் பெயரைச் சுமந்து அவர்கள் இறங்கிய போட்டிகளில் ஒன்று ஸ்லாலம்.

இரண்டாவது, அந்த ஸ்லாலம் இன்று இருக்கும் வடிவத்துக்கு விதி எழுதியவர் பிறந்த ஊர் மெட்ராஸ், அதாவது இன்றைய சென்னை. அவர் பெயர் ஆர்னால்ட் லன். ஒரு கால் குட்டையானவர். அவர் வாழ்க்கையில் பெருமைப்பட நிறைய இருக்கிறது, நெருடலாக இருப்பவையும் உண்டு. இரண்டையும் பார்ப்போம்.

மெட்ராஸில் எப்படிப் பிறந்தார்?

அப்பா ஹென்றி லன் ஓர் ஆங்கிலேய மருத்துவர், மெதடிஸ்ட் மிஷனரி. 1887-ல் குடும்பத்தோடு மெட்ராஸ் மாகாணத்துக்கு வந்தார். 1888 ஏப்ரல் 18 அன்று ஆர்னால்ட் பிறந்தார். அப்பாவுக்கு உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளிலேயே குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது. அதனால் ஆர்னால்டுக்கு மெட்ராஸ் நினைவில் இருக்க வாய்ப்பே இல்லை. அவரைச் சென்னைக்காரர் என்று நாம் கொண்டாடினால் அது கொஞ்சம் ஓவர்தான்.

ஆனால் அந்தக் காலத்தை யோசித்துப் பாருங்கள். அதே 1880-களில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் வந்த தமிழர்கள் பேராக்கின் கரும்புத் தோட்டங்களிலும் காப்பித் தோட்டங்களிலும் வேலைக்கு இறக்கப்பட்டார்கள். ரப்பர் பிறகு வந்தது. உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் அந்தக் கப்பல்களில் ஒன்றில் வந்திருக்கலாம். ஒரே மாகாணம், ஒரே சாம்ராஜ்யம். ஒரு குழந்தை அங்கிருந்து லண்டனுக்குப் போனது, ஒரு கூட்டம் சுங்கை சிப்புட் பக்கம் வந்தது. யாருக்கு எந்தக் கப்பல் என்பதை முடிவு செய்தது பிறப்புதான். இதை மனசுல வச்சுக்கிட்டு மேலே படிங்க, கடைசியில் தேவைப்படும்.

மலைக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் என்ன தொடர்பு?

வெப்பத்திலிருந்து தப்பி மலை ஏறுவது அன்றைய ஆங்கிலேயர்களின் வழக்கம். நம் தைப்பிங்கில் இருக்கும் புக்கிட் லாருட்டின் பழைய பெயர் மேக்ஸ்வெல் ஹில். 1884-ல் அது மலை வாசஸ்தலமானது. தாப்பாவிலிருந்து ஏறிப்போகும் கேமரன் மலையும் பிறகு அப்படித்தான் உருவானது. அங்கெல்லாம் அவர்கள் தேடியது குளிர்காற்று.

ஐரோப்பாவிலோ மலைக்குப் போவது கோடைப் பழக்கமாக இருந்தது. குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் கிராமங்கள் பல வெளியாட்கள் வராமல் அடங்கிக் கிடக்கும். ஹென்றி லன் மிஷனரி வேலையை விட்டபிறகு பயண ஏற்பாட்டாளர் ஆனார். திருச்சபைகளை ஒன்றுசேர்க்கும் மாநாடுகளை 1892 முதல் சுவிட்சர்லாந்தின் கிரிண்டெல்வால்டில் நடத்தினார். ஆட்களை அழைத்துப்போய் அழைத்துப்போய் அதுவே தொழிலாகிவிட்டது. குளிர்காலத்திலும் ஹோட்டல்களைத் திறக்க வைத்தார். மியூரனுக்குப் போகும் மலை ரயிலைக் குளிர்காலத்திலும் ஓட்டச் சொல்லிச் சம்மதிக்க வைத்தவரும் அவர்தான்.

ஆர்னால்ட் பத்து வயதில், 1898-ல், பிரான்ஸின் ஷமோனியில் முதன்முதலாகப் பனிச்சறுக்குப் பலகையைக் காலில் கட்டினார். பிறகு ஹாரோ பள்ளியில் படித்தார். ஜவாஹர்லால் நேரு படித்ததும் அதே பள்ளிதான். அடுத்து ஆக்ஸ்ஃபோர்டு. இருபது வயதிலேயே, 1908-ல், ஆல்பைன் ஸ்கி கிளப் என்ற மன்றத்தைத் தொடங்கிவிட்டார்.

கால் எப்படிப் போனது?

1909 ஆகஸ்ட் மாதம். வேல்ஸ் நாட்டின் காடர் இத்ரிஸ் மலையில் பாறை ஏறிக்கொண்டிருந்தார். பிடித்திருந்த பாறை பெயர்ந்தது. சுமார் 30 மீட்டர் கீழே விழுந்தார். வலது கால் மோசமாக முறிந்தது. எடுத்துவிட வேண்டியிருக்கும் என்ற நிலை. கால் தப்பியது, ஆனால் சில அங்குலம் குட்டையாகிவிட்டது. புண் ஆண்டுக்கணக்கில் ஆறவில்லை.

அப்போது அவருக்கு வயது 21. இத்தோடு மலை போதும் என்று யாராக இருந்தாலும் நினைத்திருப்பார்கள். அவர் அந்தக் காலோடு திரும்பவும் பலகையைக் கட்டினார். 1917-ல் சுவிட்சர்லாந்தின் டோம் சிகரத்தில் பனிச்சறுக்குப் பலகையுடன் ஏறி இறங்கினார். அதன் உயரம் 4,545 மீட்டர். நம் கினபாலு மலை 4,095 மீட்டர், ஒப்பிட்டுப் பாருங்கள். 1924-ல் ஐகர் சிகரத்திலும் மூன்று தோழர்களோடு அதையே செய்தார்.

முதல் உலகப் போரில் காலின் காரணமாக அவரால் போர்முனைக்குப் போக முடியவில்லை. ஜெர்மனியிடம் சிறைப்பட்டுக் காயமடைந்திருந்த பிரிட்டிஷ் வீரர்களை 1916 முதல் நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தில் தங்கவைத்தார்கள். அவர்களில் பலர் மியூரனுக்கு வந்தார்கள். அவர்களுக்கு மத்தியில் வேலை செய்தபடி ஆர்னால்டும் அங்கே இருந்தார். கிராமத்தின் ஒவ்வொரு சரிவும் அவருக்குப் பழக்கமானது அந்த ஆண்டுகளில்தான்.

பனிச்சறுக்கில் என்ன பிரச்னை இருந்தது?

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

அன்றைக்குப் பனிச்சறுக்கு என்றால் நார்வேக்காரர்கள் சொன்னதுதான் சட்டம். அவர்கள் ஊரில் அது பல நூறு ஆண்டுப் பழக்கம். சமவெளியிலும் மேட்டிலும் நீண்ட தூரம் ஓடுவது, மேடையிலிருந்து தாவுவது, இந்த இரண்டும்தான் போட்டி. மலையுச்சியிலிருந்து வேகமாக இறங்குவதை அவர்கள் ஒரு விளையாட்டாகவே மதிக்கவில்லை. ரயிலில் ஏறி மேலே போய், சறுக்கிக் கீழே வருவது சோம்பேறிகளின் வேலை என்பது அவர்கள் எண்ணம்.

ஆல்ப்ஸ் மலையோ செங்குத்தானது. அங்கே இறங்குவதே பெரிய வித்தை. அதற்கு ஒரு போட்டி வேண்டும் என்றார் ஆர்னால்ட்.

முதல் அடி 1911 ஜனவரியில். சுவிட்சர்லாந்தின் மொன்டானாவில் அவர் ஒரு பந்தயம் ஏற்பாடு செய்தார். போட்டியாளர்கள் முந்தைய நாள் மேலே ஏறி, மலைக் குடிசையில் இரவைக் கழித்தார்கள். காலையில் பனியாற்றைக் கடந்து கீழே கிராமம் வரை இறங்கினார்கள். தயார் செய்த பாதை கிடையாது. எப்படி வேண்டுமானாலும் வரலாம், முதலில் வருபவருக்குக் கோப்பை.

அந்தக் கோப்பைக்கு ராபர்ட்ஸ் ஆஃப் காந்தஹார் என்று பெயர். ஆப்கானிஸ்தான் நகரத்தின் பெயர் ஆல்ப்ஸில் எப்படி? கோப்பையைக் கொடுத்தவர் ராபர்ட்ஸ் பிரபு. 1880-ல் காபூலிலிருந்து காந்தஹார் வரை சுமார் 500 கிலோமீட்டர் படை நடத்திப்போய்ப் போரில் வென்றவர். அந்தப் படையில் பெரும்பகுதி இந்திய, கூர்க்கா சிப்பாய்கள். வெற்றிக்குப் பிறகு காந்தஹார் அவருடைய பட்டப்பெயரோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த ஆண்டு அவர் மெட்ராஸ் ராணுவத்தின் தளபதியாகவும் ஆனார். இன்றும் பல பனிச்சறுக்குப் பாதைகளுக்கு காந்தஹார் என்று பெயர் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு காலனியப் போர் இருப்பது அங்கே சறுக்கும் பலருக்குத் தெரியாது.

ஸ்லாலம் எப்படிப் பிறந்தது?

வேகமாக இறங்குவது ஒரு திறமை. மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்குவது இன்னொரு திறமை. ஸ்லாலம் என்ற பெயரும் வளைந்து இறங்கும் பழக்கமும் நார்வேயிலிருந்தே வந்தவை. ஆனால் ஆல்ப்ஸில் அப்போது நடந்த போட்டிகளில், வளைவு எவ்வளவு அழகாக இருந்தது என்று நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். எந்தப் பாணி அழகு என்பது நடுவரின் ரசனையைப் பொறுத்தது.

ஆர்னால்ட் இதை மாற்றினார். 1922 ஜனவரி 6 அன்று மியூரனின் சரிவு ஒன்றில் கொடிகளை ஜோடி ஜோடியாக நட்டார். ஒவ்வொரு ஜோடியும் ஒரு வாசல். எல்லா வாசல்களுக்குள்ளும் புகுந்து வர வேண்டும். எப்படி வளைகிறீர்கள் என்பது உங்கள் பாடு. கடிகாரம்தான் நடுவர். குறைந்த நேரத்தில் வந்தவர் ஜெயித்தார்.

கேட்க ரொம்பச் சாதாரணமா இருக்கு, இல்லையா? இதன் அருமை பேராக்காரர்களுக்கு நன்றாகவே புரியும். கோலகங்சாரில் பிறந்த எம். ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசிய சாதனை 2017 வரை நின்றது. தாப்பாவைச் சேர்ந்த எம். ராஜாமணி 1966 ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வென்றார். ஓடுகிறவர் எந்த ஊர், யார் பிள்ளை, ஓடும் பாணி அழகா என்று கடிகாரம் கேட்பதில்லை. இதே நியாயத்தைத்தான் ஆர்னால்ட் பனிச்சரிவுக்குக் கொண்டுவந்தார்.

இன்றைய ஸ்லாலம் அந்த விதியின் வளர்ச்சிதான்:

• சிவப்பு, நீலக் கம்பங்கள் மாறி மாறி நடப்பட்டிருக்கும்.
• ஒலிம்பிக் ஆண்கள் போட்டியில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள உயர வித்தியாசம் 180 முதல் 220 மீட்டர் வரை.
• இரண்டு முறை இறங்க வேண்டும், இரண்டு நேரத்தையும் கூட்டுவார்கள்.
• ஒரு வாசலைத் தவறவிட்டாலும் போட்டியிலிருந்து வெளியே.

வெற்றி தோல்வி பெரும்பாலும் வினாடியின் நூறில் சில பங்குகளில் முடிவாகும்.

கிராமப் போட்டி உலகப் போட்டியானது எப்படி?

1924-ல் மியூரனில் காந்தஹார் ஸ்கி கிளப் தொடங்கப்பட்டது. அதன் உறுப்பினர்கள் 1928 ஜனவரியில் ஒரு விபரீத ஆசையில் இறங்கினார்கள். 2,970 மீட்டர் உயர ஷில்ட்ஹார்ன் உச்சிக்கு நடந்தே ஏறினார்கள். அங்கிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் லாட்டர்ப்ரூனென் பள்ளத்தாக்கு வரை இறங்கினார்கள். வந்தவர்கள் இருபது பேர் கூட இல்லை. ஜெயித்தவர் எடுத்துக்கொண்ட நேரம் 1 மணி 12 நிமிடம். தொடக்கத்தில் சொன்ன இன்ஃபெர்னோ திருவிழாவின் முதல் ஆண்டு அதுதான். இன்று 1,800-க்கும் மேற்பட்டோர் அதில் இறங்குகிறார்கள்.

அதே 1928-ல், மார்ச் மாதத் தொடக்கத்தில், ஆஸ்திரியாவின் செயின்ட் ஆன்டன் கிராமத்தில் இன்னொரு போட்டி தொடங்கியது. அதன் கூட்டாளி ஹன்னஸ் ஷ்னைடர். மலைக் குடும்பத்துப் பிள்ளை. பனிச்சறுக்கைப் படிப்படியாகக் கற்றுக்கொடுக்கும் முறையை உருவாக்கி, அந்தக் கிராமத்தை உலகப் புகழ் பெற வைத்தவர். ஆர்ல்பெர்க் என்பது ஷ்னைடரின் மலைப்பகுதி, காந்தஹார் ஆர்னால்டின் மன்றம். இரண்டையும் சேர்த்து ஆர்ல்பெர்க்-காந்தஹார் என்று பெயர் வைத்தார்கள்.

ஏன் மார்ச்? குளிர்காலத்தின் கடைசி அது. பகல் நீண்டிருக்கும், வெயில் இதமாக இருக்கும், மலையில் பனி இன்னும் தடிமனாகவே கிடக்கும். குளிர்காலம் முடிவதை ஊரே சேர்ந்து கொண்டாடுகிற நேரத்தில் போட்டியும் நடந்தது. பல நாட்டு வீரர்கள் வந்தார்கள். அதிகாரபூர்வ உலகப் போட்டி என்று ஒன்று வருவதற்கு முன்பே, டவுன்ஹில், ஸ்லாலம் இரண்டையும் சேர்த்து சிறந்த வீரரைத் தேர்ந்தெடுத்த இடம் அதுதான்.

1930-ல் ஓஸ்லோவில் கூடிய சர்வதேச பனிச்சறுக்கு சம்மேளனம் இரண்டு போட்டிகளையும் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு, 1931 பிப்ரவரியில், முதல் உலகப் போட்டி மியூரனிலேயே நடந்தது. பெண்களுக்கும் முதல் ஆண்டிலேயே இடம் இருந்தது. பெண்கள் பிரிவின் டவுன்ஹில், ஸ்லாலம் இரண்டிலும் ஜெயித்தவர் பிரிட்டனின் எஸ்மி மெக்கின்னன். இது சின்ன விஷயம் இல்லைங்க. பனித்தாவலில் ஒலிம்பிக்கில் பெண்களை விட்டது 2014-ல்தான்.

ஒலிம்பிக்குக்கு வந்தபோது என்ன ஆனது?

1936-ல் டவுன்ஹில்லும் ஸ்லாலமும் ஒன்றாகச் சேர்ந்து ஒலிம்பிக்கில் நுழைந்தன. இடம், ஹிட்லரின் ஜெர்மனியில் உள்ள கார்மிஷ்-பார்டென்கிர்ஷன். ஆர்னால்ட் அங்கே ஸ்லாலம் நடுவர். மகன் பீட்டர் லன் பிரிட்டன் அணித் தலைவர். இருபத்தைந்து ஆண்டுப் போராட்டத்தின் வெற்றி, நாஜிக் கொடிகளுக்கு நடுவில் நடந்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. சம்பளம் வாங்கிப் பனிச்சறுக்குச் சொல்லித்தரும் ஆசிரியர்கள் தொழில்முறை ஆட்கள், அவர்கள் ஒலிம்பிக்கில் இறங்கக்கூடாது என்று முடிவானது. ஆல்ப்ஸ் கிராமத்து ஏழைப் பையன்கள் பலருக்குச் சோறு போட்டதே அந்த வேலைதான். வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள்தான். கடிகாரம் எல்லாருக்கும் பொது. ஆனால் கடிகாரத்தின் முன்னால் யார் வந்து நிற்கலாம் என்பதை மனிதர்கள் முடிவு செய்தார்கள்.

1938 மார்ச்சில் என்ன நடந்தது?

லன் வாழ்க்கையில் நீங்கள் ஒரே ஒரு மாதத்தை நினைவில் வைத்துக்கொள்வதானால், அது இந்த மாதமாக இருக்கட்டும்.

1938 மார்ச் 12 அன்று ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. செயின்ட் ஆன்டனில் அந்த ஆண்டின் ஆர்ல்பெர்க்-காந்தஹார் போட்டிக்கு ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. நாஜிகள் கையோடு ஹன்னஸ் ஷ்னைடரைக் கைது செய்தார்கள். அவர் நாஜிகளை எதிர்த்தவர், யூத நண்பர்களைக் கைவிடாதவர். அந்த நண்பர்களில் ஒருவர் ருடால்ஃப் கோம்பெர்ஸ். செயின்ட் ஆன்டனைச் சுற்றுலா ஊராக்கியதில் பெரும்பங்கு அவருக்கு உண்டு. யூதப் பூர்வீகம் என்பதற்காக 1942-ல் நாஜிகள் அவரைக் கொன்றார்கள்.

ஆர்னால்ட் முன் இரண்டு வழி இருந்தது. போட்டியை நடத்தலாம். வீரர்கள் தயார், பனியும் தயார், பத்து ஆண்டாகக் கட்டி வளர்த்த பெயர். விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்று ஒரு வரி சொல்லிவிட்டால் போதும். அன்று நிறையப் பேர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஆண்டுக்கு முன் உலகமே கார்மிஷுக்கும் பெர்லினுக்கும் போய் வந்திருந்தது.

அவர் போட்டியை ரத்து செய்தார். ஷ்னைடர் சிறையில் இருக்கும்போது ஷ்னைடரின் கிராமத்தில் போட்டி இல்லை.

இதனால் ஹிட்லர் ஒன்றும் அசரவில்லை. ஒரு பனிச்சறுக்குப் போட்டி நின்றால் ராணுவம் பின்வாங்குமா என்ன? ஆனால் சிறையில் இருந்தவரை உலகம் மறக்காமல் இருந்தது. வெளிநாட்டு நண்பர்கள் பலர் முயன்றார்கள். அமெரிக்க வங்கியாளர் ஹார்வி கிப்சனின் முயற்சியால் ஷ்னைடருக்கு விடுதலை கிடைத்தது. 1939 பிப்ரவரியில் அவர் குடும்பத்தோடு அமெரிக்காவின் நார்த் கான்வே என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார். அங்கே பனிச்சறுக்குப் பள்ளி நடத்தி, 1955-ல் காலமானார்.

அப்படியென்றால் ஆர்னால்ட் லன் நாயகனா?

கொஞ்சம் பொறுங்க.

1938-ல் நாஜிகளுக்கு முன் தலைகுனியாத அதே மனிதர், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் பக்கம் நின்றார். 1937-ல் அதற்காக ஒரு புத்தகமே எழுதினார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அவர் கத்தோலிக்கத்துக்கு மாறியிருந்தார். கம்யூனிஸ்டுகள் மீதும் மதத்தை எதிர்ப்பவர்கள் மீதும் அவருக்கு இருந்த பகை, ஃபிராங்கோ தரப்பின் கொடுமைகளைப் பார்க்கவிடாமல் செய்துவிட்டது. நண்பர் ஷ்னைடர் சிறைப்பட்டபோது தெரிந்த அநியாயம், முகம் தெரியாத ஸ்பானியர்கள் சிறைப்பட்டபோது தெரியவில்லை.

அவர் வளர்த்த மன்றங்களும் எல்லாருக்குமானவை அல்ல. பணமுள்ள, பெரிய பள்ளிகளில் படித்த பிரிட்டிஷ் குடும்பங்களின் உலகம் அது. அந்தப் பணத்தில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்று பேராக்கில் இருக்கும் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1910-க்குப் பிறகு லண்டன் பங்குச்சந்தையில் மலாயா ரப்பர் கம்பெனிகளுக்கு இருந்த மவுசு அப்படி. இருட்டு விலகும் முன் மங்கும் வாளியுமாக நம் ஆட்கள் மரம் சீவப் போனார்கள். லாபத்தைப் பங்கு போட்டவர்களுக்குக் குளிர்கால விடுமுறை இருந்தது. மரம் சீவியவர்களுக்குத் தோட்டத்துத் திடல் இருந்தது. அந்தத் திடலில் பந்து உதைத்த பிள்ளைகளுக்கு விதி எழுதும் வாய்ப்பை யாரும் கொடுக்கவில்லை.

இதை ஆர்னால்ட் செய்த குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் மெட்ராஸிலிருந்து கிளம்பிய அந்த இரண்டு கப்பல்களையும் மறந்துவிட்டு அவர் கதையைச் சொல்வதும் சரியாக இருக்காது.

கடைசி ஆண்டுகள்

பிரிட்டிஷ் பனிச்சறுக்கு ஆண்டு மலரை அவர் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தொகுத்தார். மலை, மதம், அரசியல் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். பனிச்சறுக்குக்கும் பிரிட்டன்-சுவிட்சர்லாந்து உறவுக்கும் ஆற்றிய பணிக்காக 1952-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1974 ஜூன் 2 அன்று, 86 வயதில், காலமானார்.

மியூரனில் இன்று ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1922-ல் அவர் முதல் ஸ்லாலம் நடத்தியதையும், 1931-ல் முதல் உலகப் போட்டியை ஏற்பாடு செய்ததையும் அது சொல்கிறது. ரத்து செய்த போட்டி நினைவுக்கல்லில் இடம்பெறுவது வழக்கமில்லை. ஆர்ல்பெர்க்-காந்தஹாரின் வெற்றியாளர் பட்டியலைத் தேடிப் பாருங்கள். 1938-க்கு நேராக ஒரு பெயரும் இருக்காது. ஏன் இல்லை என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

அடுத்த குளிர்கால ஒலிம்பிக்கில், சிவப்பு, நீலக் கம்பங்களுக்கு நடுவே யாராவது வளைந்து இறங்குவதைப் பார்க்கும்போது, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்: இந்த விதியை எழுதியவர் மெட்ராஸில் பிறந்தவர், ஒரு கால் குட்டை, நண்பனுக்காகத் தன் போட்டியையே நிறுத்தியவர், ஸ்பெயின் விஷயத்தில் தவறான பக்கம் நின்றவர். கேட்பவர் நம்பமாட்டார். நான்குமே உண்மை.